பேசில்டன் பையன்களும் பெர்லின் சுவரும்

இங்கிலாந்தின் சிங்கிள் தரவரிசையில் இன்றுவரை ஒரு தடவைகூட முதலிடத்தைத் தொடாத இங்கிலாந்து பாண்ட் ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் நான்காம் இடம், அவ்வளவுதான். அதே பாண்ட் 1993-லிருந்து போட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் எட்டு. எட்டுமே ஜெர்மனியில் நம்பர் ஒன். பிறந்த வீட்டில் கிடைக்காத மரியாதை புகுந்த வீட்டில் கிடைத்த கதை. டெபெஷ் மோட்.

பெர்லினில் நான் இருக்கும் பகுதியில் விளக்குக் கம்பங்களில் மாதம் தவறாமல் கறுப்பு போஸ்டர் ஒட்டுவார்கள். “டெபெஷ் மோட் பார்ட்டி.” பாண்ட் வராது. டி.ஜே. ஒருவர் இரவு முழுக்க அவர்களின் பாட்டை மட்டும் போடுவார், ஐம்பது வயது தாண்டிய ஆண்களும் பெண்களும் கறுப்பு உடை போட்டுக்கொண்டு வந்து விடியும்வரை ஆடுவார்கள். லைப்சிக், ட்ரெஸ்டன், டார்ட்மண்ட் என்று நாடு முழுக்க இப்படித்தான். நம்மூரில் இளையராஜா பாட்டுக்கு மட்டும் என்று வாராவாரம் மெல்லிசைக் கச்சேரி நடந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

எனக்கு இந்த விஷயம் நீண்ட நாள் புரியவே இல்லை. கல்லூரி நாட்களில் எம்.டிவியில் ஒரு ராஜா கிரீடமும் மடக்கு நாற்காலியுமாக மலை மலையாக நடந்துபோவாரே, ‘எஞ்சாய் த சைலன்ஸ்’, அந்த ஒரு பாட்டோடு என் ஞானம் முடிந்தது. எண்பதுகளில் நம்மூருக்கு வந்துசேர்ந்த வெள்ளைக்கார கேசட் எல்லாம் அபாவும் போனி எம்மும்தான். (போனி எம்மே ஜெர்மனிச் சரக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஃப்ராங்க் ஃபாரியன் என்ற மேற்கு ஜெர்மனிக்காரர் உருவாக்கியது, ஹான்சா கம்பெனியின் லேபிளில் வந்தது. இந்த ஹான்சா என்ற பெயரை நினைவில் வையுங்கள், இப்போது வருகிறேன்.)

கதை லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸில், பேசில்டன் என்ற ஊரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் நெரிசலைக் குறைக்க அரசு கட்டிய புதுநகரங்களில் ஒன்று. வின்ஸ் கிளார்க், ஆண்டி ஃப்ளெட்சர், மார்ட்டின் கோர் மூவரும் உள்ளூர்ப் பையன்கள். பாடுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு சாரணர் கொட்டகையில் நடந்த ஒத்திகையில் டேவ் கஹான் என்ற இளைஞன் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டைப் பாடுவதை வின்ஸ் கேட்டார். அந்த நிமிடமே ஆள் முடிவாகிவிட்டது. 1980. அந்த ‘ஹீரோஸ்’ பதிவான இடம் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோ, 1977-ல். மூன்று வருடம் கழித்துத் தாங்களே அங்கே போய் உட்காரப் போகிறோம் என்று கொட்டகையில் இருந்த யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய அதிர்ஷ்டம் டேனியல் மில்லர். ம்யூட் என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனியைத் தனி ஆளாக நடத்திக்கொண்டிருந்தவர். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து இல்லை. கை குலுக்கினார்கள், லாபத்தில் பாதிக்குப் பாதி, அதோடு சரி. மில்லரின் அப்பா மார்ட்டின் மில்லர் வியன்னா மேடைகளில் நடித்த யூத நடிகர். ஹிட்லருக்குத் தப்பி லண்டன் வந்து, அகதிக் கலைஞர்களோடு சேர்ந்து ஜெர்மன் மொழியில் நாடகம் போட்டவர். அந்த வீட்டில் வளர்ந்த மகன், எழுபதுகளில் மற்ற இங்கிலீஷ் பையன்கள் கிட்டார் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, க்ராஃப்ட்வெர்க், கான், நோய் என்று ஜெர்மன் பாண்ட்களைத் தேடித் தேடிக் கேட்டார். டெபெஷ் மோட் ஜெர்மனியோடு ஒட்டிக்கொண்டதற்கு முதல் காரணம் என்று யாரையாவது கைகாட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

1981-ல் ‘ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்’ இங்கிலாந்தில் எட்டாம் இடம் வரை போனது. துள்ளல் பாட்டு. இன்றும் கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் மெட்டை வைத்துக்கொண்டு கத்துகிறார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பெரும்பாலான பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க் கழன்றுகொண்டார். முதலில் யாசூ, பிறகு இரேஷர் என்று அவர் வழி தனி வழி. முதல் ஆல்பத்தோடு கடை மூடிவிடும் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், ஓரமாக நின்றுகொண்டிருந்த மார்ட்டின் கோர் பாட்டெழுத உட்கார்ந்தார். பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த ஆலன் வைல்டர், முறையாகப் பியானோ படித்தவர், 1982-ல் சேர்ந்தார். ஆனாலும் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளுக்கு இவர்கள் பள்ளிக்கூடப் பெண்கள் சுவரில் ஒட்டும் அழகுப் பையன்கள்தான். அந்த முத்திரையை அழிக்க அங்கே படாத பாடு பட்டார்கள்.

பெர்லினுக்கு வந்த காரணம் கேட்டால் சிரிப்பு வரும். கலைத்தாகம் கொஞ்சம், கணக்குப் பிள்ளை புத்தி நிறைய. 1983-ல் பவுண்டுக்கு ஜெர்மன் மார்க் நன்றாகவே கிடைத்தது. லண்டனில் பெரிய ஸ்டுடியோ எடுக்கும் காசுக்கு பெர்லினில் அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடைக்கும். ஒலிப்பதிவாளர் கேரத் ஜோன்ஸ் ஏற்கெனவே பெர்லினில் இருந்தார். ‘கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகைன்’ ஆல்பத்தை லண்டனில் பதிவு செய்துவிட்டு, மிக்ஸிங்குக்கு மட்டும் ஹான்சாவுக்கு வந்தார்கள். ‘எவ்ரிதிங் கவுன்ட்ஸ்’ வீடியோவையும் மேற்கு பெர்லினிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஹான்சா இருப்பது கோத்தனர் ஸ்ட்ராஸெ 38-ல். போட்ஸ்டாமர் ப்ளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. இப்போது சுற்றிலும் கண்ணாடி ஆபீஸ் கட்டடங்கள், ஹோட்டல்கள். அன்றைக்குப் பொட்டல். போரில் இடிந்த மிச்சத்தில் தன்னந்தனியாக நின்ற பழைய கல் கட்டடம், மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சுவர், காவல் கோபுரம், துப்பாக்கியோடு கிழக்கு ஜெர்மன் சிப்பாய். கட்டடத்துக்குள் மைஸ்டர்ஸால் என்று ஒரு கூடம் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு சேம்பர் இசைக் கச்சேரிக்காகக் கட்டியது. மரத்தரை, உயரமான கூரை.

கேரத் ஜோன்ஸ் செய்த வேலை இந்தக் கூடத்தில்தான். சிந்தசைசர் என்றால் ஒயரை நேராக மிக்ஸரில் சொருகிப் பதிவு செய்வது அந்தக் கால வழக்கம். ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. இவர் என்ன செய்தார்? சிந்த் ஒலியை வெளியே எடுத்து, கூடத்தில் வைத்த பெரிய ஸ்பீக்கர்களில் அலறவிட்டு, அது சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருவதை மைக் வைத்துப் பிடித்தார். மெஷின் சத்தத்துக்கு ஒரு உடம்பு கிடைத்தது. ‘சம் க்ரேட் ரிவார்ட்’ ஆல்பத்தில் ட்ரம் அடி விழும்போது ஒரு பெரிய இடத்தில் நிற்கிற உணர்வு வருகிறது அல்லவா, அது இந்தக் கூடம்தான்.

சத்தம் பொறுக்கும் பைத்தியமும் அப்போது பிடித்தது. பெர்லினில் ஐன்ஸ்ட்யூர்ட்சண்ட நொய்பௌட்டன் என்று ஒரு கூட்டம். ப்ளிக்ஸா பார்கெல்டும் கூட்டாளிகளும் மேடையில் டிரில் மெஷின், இரும்புத் தகடு, சுத்தியல் இவற்றைத்தான் வாத்தியமாக வைத்துக்கொண்டு காதைக் கிழிப்பார்கள். கோர் அதைப் பார்த்து மிரண்டுபோனார். இதையே இனிமையான மெட்டுக்குள் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போய், குழாயைத் தட்டு, தகரத்தைத் தட்டு, பதிவு செய். லண்டன் ஹாம்லிஸ் கடையில் (இப்போது ரிலையன்ஸ் கையில் இருக்கும் அதே பொம்மைக் கடை) குழந்தைகளின் பொம்மை வாத்தியங்கள் வாங்கி அவற்றையும் பதிவு செய். எல்லாவற்றையும் எமுலேட்டர், சின்க்ளாவியர் போன்ற சாம்ப்ளர்களில் ஏற்றி, கீபோர்டு கட்டையில் வாசி.

அதன் விளைச்சல் 1984-ல் வந்த ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’. இரும்பில் இரும்பு மோதும் அடியோடு ஆரம்பிக்கும். மனிதனை மனிதன் ஏன் வெறுக்கிறான் என்று நேரடியாகக் கேட்கும் பாட்டு. எழுதிய கோருக்கே பிற்பாடு இது பிடிக்காமல் போய்விட்டது, ரொம்பப் பச்சையாக இருக்கிறதாம். எண்பதுகள் முடிந்தபின் பாண்ட் மேடையில் அதைத் தொடவில்லை. இங்கிலாந்தில் நான்காம் இடம். மேற்கு ஜெர்மனியில் மூன்று வாரம் முதலிடம். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஒளிபரப்புக்கு மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி இதையே அடையாள இசையாக வைத்துக்கொண்டது. சோவியத் அணி நாடுகளோடு சேர்ந்து கிழக்கு ஜெர்மனி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தேர்வின் குத்தல் புரியும். நமக்கு அது பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைக் கோட்டைவிட்ட ஒலிம்பிக்.

நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், 1984-ன் தொடக்கத்தில் இங்கே அகதியாக வந்தவர். இந்தப் பாட்டை ஃபோனில் போட்டுக் காட்டியதும் சிரித்தார்.

“ஓம் தம்பி, இது எனக்குத் தெரியும். காம்பில ஒரே ஒரு டிவிதான் இருந்தது. இந்தத் தகர அடி கேட்டாலே ஒலிம்பிக் தொடங்கீட்டுது எண்டு சனமெல்லாம் ஓடிவந்து இருந்திடும். ஆர் பாடினது, என்ன பாடினது எண்டு ஒண்டும் விளங்காது.”

“நீங்க எப்படி அண்ணை பெர்லினுக்கு வந்தீங்க?”

“எல்லாரும் வந்த மாதிரித்தான். ஷ்யோனஃபெல்டில இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெயால இந்தப் பக்கம்.”

இரண்டு வரியில் அவர் சொல்லி முடித்ததற்குப் பின்னால் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. கிழக்கு பெர்லினின் ஷ்யோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஈழத்தமிழருக்குக் கிழக்கு ஜெர்மனி டிரான்ஸிட் விசா கொடுத்து, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ ஸ்டேஷன் வழியாக மேற்கே அனுப்பிவிடும். கிழக்கையும் மேற்கையும் பிரித்த கோட்டை ஒரு நாட்டு எல்லை என்று மேற்கு ஒப்புக்கொள்ளாததால் மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. தன் குடிமக்கள் தாண்டினால் சுடும் அரசு, வல்வெட்டித்துறைப் பையன்களை ரயில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனி நெருக்கியதில் 1985 நடுவில் தமிழருக்கு இந்த வழி அடைபட்டது. டெபெஷ் மோட் கதைக்கு நடுவே இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இவர்கள் ஹான்சாவில் தகரம் தட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நம்மாட்கள் பையும் கையுமாக அந்த ஸ்டேஷனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் பெர்லினை யோசித்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது.

மார்ட்டின் கோர் இதற்குள் லண்டனை விட்டுவிட்டு பெர்லினிலேயே குடிவந்துவிட்டார். ஜெர்மன் காதலி ஒரு காரணம். விடிய விடியத் திறந்திருக்கும் பார்கள், யார் என்ன உடுத்தினாலும் திரும்பிப் பார்க்காத தெருக்கள். பேசில்டனில் கூச்சமே உருவாக இருந்த பையன் இங்கே தோல் பாவாடை கட்டிக்கொண்டு மேடையேறினார். லண்டன் பத்திரிகைகள் கெக்கலி கொட்டின. ஜெர்மன் இளசுகள் அதையும் காப்பியடித்தன. 1984 டிசம்பரில் ஹாம்பர்க் அல்ஸ்டர்டோர்ஃப் அரங்கில் நடந்த கச்சேரியைப் படம்பிடித்து வீடியோவாக வெளியிட்டார்கள். முன்வரிசைக் கூட்டத்தின் முகங்களை அதில் பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஹான்சாவில் அவர்கள் கடைசியாக உழைத்த ஆல்பம் 1986-ல் வந்த ‘ப்ளாக் செலப்ரேஷன்’. என் கட்சி இதுதான். ‘வயலேட்டர்’தான் உச்சம் என்று உலகமே சொல்லட்டும், நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். மில்லருக்கு ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்ட்சாக் மேல் பக்தி. அவர் படக்குழுவைக் காட்டுக்குள் கூட்டிப்போய் வாட்டுவதைப் போல, இந்த ஆல்பம் முடியும்வரை ஒரு நாள்கூட லீவு கிடையாது என்று விதி போட்டார். நான்கு மாதம் தொடர்ந்து லண்டனிலும் பெர்லினிலும் வேலை. முடியும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நிலை, கேரத் ஜோன்ஸும் மில்லரும் உட்பட. அந்த இறுக்கம் ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. ‘ஸ்ட்ரிப்ட்’ பாட்டின் அடியில் ஓடும் அந்தக் குறட்டை மாதிரியான தாளம், நின்ற இடத்தில் ஓடவிட்ட மோட்டார் பைக் எஞ்சின், வேகம் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் உறுமுவது கஹானின் போர்ஷே 911 ஸ்டார்ட் ஆகும் சத்தம். காரைச் சுத்தியலால் உடைக்கும் அதன் வீடியோவையும் ஹான்சா பக்கத்திலேயே எடுத்தார்கள்.

இதே 1986-ல்தான் சென்னையில் இளையராஜா ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டிலும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விளையாடினார். ஒரே மாதிரி மெஷின்கள் உலகமெங்கும் வந்து இறங்கிய வருடங்கள். பேசில்டன் பையன்கள் அவற்றைக் கொண்டு இருட்டைத் தேடினார்கள். நம்மவர் கொண்டாட்டத்தைத் தேடினார்.

இனி சுவருக்கு அந்தப் பக்கம். 1987 ஜூனில் மேற்கு பெர்லினில் ரைக்ஸ்டாக் முன்பு போவி, யூரித்மிக்ஸ், ஜெனசிஸ் என்று மூன்று நாள் கச்சேரி. சத்தம் சுவரைத் தாண்டும் என்று தெரிந்து கிழக்கு இளைஞர்கள் உன்டர் டென் லிண்டன் பக்கம் கூடினார்கள். போலீஸ் விரட்டியது, அடிதடி, சுவர் ஒழிக என்ற கோஷம். இனி கெஞ்சினால்தான் மிஞ்சும் என்று ஆட்சிக்குப் புரிந்தது. கட்சியின் இளைஞர் அமைப்பான எஃப்.டி.ஜே. மேற்கத்தியக் கலைஞர்களைத் தானே அழைத்து வர ஆரம்பித்தது. அதே வருடம் அமிகா, அதாவது கிழக்கு ஜெர்மனி அரசு ரெக்கார்டு கம்பெனியின் லேபிள், டெபெஷ் மோட் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டு போட்டது.

1988 மார்ச் 7, எஃப்.டி.ஜே.யின் பிறந்தநாள். பிரென்ஸ்லவர் பெர்க்கில் வெர்னர் ஸீலன்பிண்டர் அரங்கில் “பிறந்தநாள் கச்சேரி” என்று மட்டும் அறிவிப்பு. யார் வருகிறார் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லவே இல்லை. ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டது. சுமார் 6,000 பேர் கொள்ளும் இடம். டிக்கெட் 15 மார்க் சொச்சம், அதுவும் கவுன்டரில் கிடைக்காது, பள்ளியிலும் ஆலையிலும் உள்ள எஃப்.டி.ஜே. கிளைகள் வழியாகத்தான் பங்கீடு. தங்கமான கட்சிப் பிள்ளைகளுக்குத்தான் முதலில். வெறிபிடித்த ரசிகனோ பெரும்பாலும் கட்சிக் கூட்டத்துக்கு மட்டம் போடும் ரகம். ஆகவே அரங்கு வாசலில் பிளாக் மார்க்கெட் பறந்தது.

என் அலுவலகத்தில் ஒரு பெண்மணி, கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர், அன்று அவருக்குப் பதினாறு வயது. டிக்கெட் கிடைக்கவில்லை, குளிரில் வெளியே நின்று கதவு திறக்கும்போதெல்லாம் வந்த சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். மேற்கு பெர்லின் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவு செய்வது, அறிவிப்பாளர் நடுவில் பேசிவிட்டால் அவரைத் திட்டித் தீர்ப்பது, ‘ப்ராவோ’ பத்திரிகையில் வந்த கஹான் படத்தை யாரோ ஃபோட்டோ எடுத்துப் பிரதி போட்டு விற்க, அதைக் காசு கொடுத்து வாங்குவது. கடையில் கறுப்பு ஜீன்ஸ் கிடையாது, வீட்டில் சாயம் தோய்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாஷா லாங்க, டென்னிஸ் பூர்மைஸ்டர் என்ற இரு ரசிகர்கள் கிழக்கு ஜெர்மனி டெபெஷ் மோட் ரசிகர்கள் பற்றி 2018-ல் ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள்.

அதே வாரம் பாண்ட் புடாபெஸ்டுக்கும் பிராகுக்கும் போனது. அடுத்த மூன்றாம் மாதம், ஜூன் 18, கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல். ‘101’ படமும் ஆல்பமும் அதன் பதிவு. பிறகு 1990-ல் ‘வயலேட்டர்’, உலகப் புகழ், போதை, சண்டை, 1995-ல் வைல்டர் விலகல். இதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, நான் திரும்பச் சொல்லவில்லை.

ஏன் ஜெர்மனி இவர்களை இப்படிக் கட்டிக்கொண்டது? சிந்தசைசர் இசையைக் கண்டு மூக்கைச் சுளிக்காத நாடு இது என்பது முதல் விஷயம். க்ராஃப்ட்வெர்க் பிறந்த மண்ணில் கிட்டார் இல்லாவிட்டால் பாண்டே இல்லை என்று யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. கோரின் பாட்டில் உள்ள குற்ற உணர்வு, பாவம், தண்டனை எல்லாம் லூதர் பிறந்த ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை என்பது என் சொந்த ஊகம், சண்டைக்கு வரலாம். கிழக்கில் விஷயம் வேறு. இவர்கள் அரசியல் பேசவில்லை. அதனால் அரசால் தடைசெய்யவும் முடியவில்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. கறுப்புச் சட்டை போட்டு நின்றால் அது யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம்.

2022 மே 26-ல் ஆண்டி ஃப்ளெட்சர் இறந்தார். மிஞ்சிய கஹானும் கோரும் அடுத்த ஆல்பத்தை அறிவிக்க அந்த அக்டோபரில் தேர்ந்தெடுத்த இடம் பெர்லின், ப்ரெக்டின் நாடக சபையான பெர்லினர் அன்சாம்பிள் அரங்கம். ஃப்ளெட்சரின் முதலாண்டு நினைவு நாளில் மேடையேறியது லைப்சிக்கில். இரண்டும் பழைய கிழக்கு ஜெர்மனி மண். வெர்னர் ஸீலன்பிண்டர் அரங்கம் இப்போது இல்லை. 1993-ல் இடித்துவிட்டு அந்த இடத்தில் வெலோட்ரோம் கட்டினார்கள்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: ‘வயலேட்டரில்’ ஆரம்பிக்காதீர்கள், அது எங்கும் கேட்கும். ‘சம் க்ரேட் ரிவார்ட்’, பிறகு ‘ப்ளாக் செலப்ரேஷன்’, ஹெட்ஃபோனில், இந்த வரிசையில். எண்பதுகளில் ஜெர்மனியில் இருந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது இதைப் படித்தால், காம்பில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நான் பார்த்தவரை அதை எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை.